ஒரே தியான முறையில் நிலைத்து நிற்பது எப்படி? மாற்றி மாற்றிச் செய்தே இரண்டு வருடம் போய்விட்டது

வேளச்சேரி_விடியல்:

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கேள்வி ஆறு மாதமாக மனதில் கிடக்கிறது, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

வயது 34, வேலை ஓஎம்ஆரில். தியானம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. முதலில் அம்மா போய்க்கொண்டிருந்த மனவளக்கலை மன்றத்தில் ஆக்கினைத் தவம் கற்றுக்கொண்டேன். புருவ மத்தியில் கொஞ்ச நாளிலேயே ஒரு துடிப்பு தெரிந்தது, ரொம்பப் பிடித்திருந்தது. நாலைந்து மாதத்தில் அந்தத் துடிப்பு மங்கிப்போன மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து அலுவலக நண்பர் ஒருவர் மூச்சையும் உடலில் எழும் உணர்வுகளையும் கவனிக்கச் சொல்லித் தரும் திருமுடிவாக்கம் விபாசனா மையத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டு நானும் விண்ணப்பித்துப் போனேன். திரும்பி வந்து காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் மாலை நின்றது, காலை அரை மணியானது. பிறகு மாமா ஒருவர் மணப்பாக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சத்சங்கத்துக்குக் கூட்டிப்போனார், இதயத்தில் ஒளி இருப்பதாக எண்ணி உட்கார்வது, அதுவும் அமைதியாக இருந்தது. நடுவில் கைபேசியில் ஒரு செயலி, பணம் கட்டி ஒரு வருடச் சந்தா. கடைசியாக ரமணரின் 'நான் யார்?' படித்தேன், படித்த வாரம் முழுவதும் வேறு எதுவுமே தேவையில்லை என்று தோன்றியது.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். 5 மணிக்கு எழுந்து பால்கனிப் பக்கம் பாய் விரித்து உட்கார்ந்தேன். முதலில் மூச்சு. மின்விசிறிச் சத்தம், கீழே தண்ணீர் லாரிக்காரர் குழாயை இழுத்துத் தொட்டியில் விடும் சத்தம், எதுவும் தொந்தரவாக இல்லை. மூச்சு மெலிந்து வந்தது. உடனே ஒரு எண்ணம்: "இவ்வளவு மெலிந்துவிட்டதே, இனி உடலுக்குப் போகலாமே." போனேன். உச்சந்தலையிலிருந்து தோள்பட்டை வரை வந்தேன், தோளில் ஒன்றுமே தெரியவில்லை. "தெரியாத இடத்தில் ஏன் நேரத்தைக் கழிக்கிறாய், புருவ மத்தியில் வை, அங்கே உனக்கு நன்றாகப் பிடிபடுமே" என்றது மனம். வைத்தேன், துடிப்பு வந்தது. வந்ததும் "இதைப் பார்க்கிற நான் யார்?" என்று கேட்கத் தோன்றியது, கேட்டேன். மணி அடித்தபோது 40 நிமிடம் போயிருந்தது, எதிலும் சேர்ந்தாற்போல நிலைத்து இருக்கவில்லை. ஒரே காலையில் நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போய் எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிய களைப்பு.

என் கேள்வி இதுதான். ஒன்றில் நிற்க வேண்டும் என்று புரிகிறது, ஆனால் எதில்? ஒரு முறை நமக்கு ஒத்துவரவில்லை என்று எத்தனை நாளில் முடிவு செய்யலாம்? கலந்து செய்தால் உண்மையிலேயே கெடுதலா, அல்லது ஒவ்வொரு அமைப்பும் தன் ஆட்கள் வெளியே போகக்கூடாது என்பதற்காகச் சொல்வதா? இந்தக் கடைசிக் கேள்வியை மனம் புண்படச் சொல்லவில்லை, எல்லாரிடமும் எனக்கு மரியாதை உண்டு.


தாம்பரம்_பழைய_மாணவர்:

தம்பி, உங்கள் காலை அனுபவத்தைப் படித்ததும் என்னுடைய மூன்றாவது வருடம் அப்படியே கண் முன் வந்தது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். எனக்கு 53 வயது. முதல் பத்து நாள் முகாம் 2011இல் போனேன், தினமும் உட்கார்கிறேன் என்று கூசாமல் சொல்லும் நிலைக்கு வர அதன் பிறகு ஐந்து வருடம் ஆனது.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். முகாமில் சேரும்போதே வேறு தியானம், ஜபம், பூஜை எல்லாவற்றையும் அந்தப் பத்து நாளுக்கு ஓரமாக வைக்கச் சொல்கிறார்கள் அல்லவா? மற்றவை தாழ்ந்தவை என்பது அதற்கு அர்த்தமில்லை என்று அங்கேயே விளக்குவார்கள். ஒன்றைக் கலப்பில்லாமல் செய்து பார்த்தால்தான் அதனால் என்ன விளைகிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மருந்தைச் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு எது கேட்டது என்று எப்படிச் சொல்வீர்கள்? இந்த முகாம்களை நமக்குக் கொண்டுவந்த கோயங்கா அவர்களின் ஆசிரியர் ஊ பா கின் பர்மா அரசில் தலைமைக் கணக்காயராக இருந்தவர், தன் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தவர். கணக்குப் பார்க்கிற மனிதரின் புத்தி இந்த நிபந்தனையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும், இது என் எண்ணம்தான்.

அந்தப் பத்து நாளையே நினைத்துப் பாருங்கள். முதல் மூன்று நாளும் அதிகாலை 4 மணிக்கு எழுப்பி விட்டதிலிருந்து மூச்சு, மூச்சு, மூச்சு மட்டும்தான். இடம்கூடச் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் மூக்குத் துவாரத்துக்குக் கீழே மேலுதட்டுக்கு மேலே உள்ள துளி இடத்தில் நிற்கும். நான்காம் நாள்தான் விபாசனாவே சொல்லித் தருகிறார்கள். அதாவது மூச்சிலிருந்து உடலுக்குப் போகும் முன் மூன்று நாளுக்கு மேல், நாளைக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். இன்று காலை நீங்கள் அதே பயணத்தைச் சில நிமிடத்தில் போனீர்கள். போகலாம் என்று சொன்னது யார் என்று கவனித்தீர்களா? மூச்சு மெலிந்ததால் வந்த சின்ன இன்பம்தான் சொன்னது.

என் கதை இப்படி. எனக்குச் சின்ன வயதிலிருந்தே சரவணபவ வாயில் இருக்கும், அப்பா சொல்லிக்கொடுத்தது. விபாசனா தொடங்கிய பிறகும் அது விடவில்லை, விட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்வேன், எல்லாம் நன்றாகப் போகும், 40ஆவது நிமிடம் வாக்கில் வலது முழங்காலில் வலி வரும். வந்ததும் உள்ளே சரவணபவ ஓட ஆரம்பித்துவிடும், கொஞ்ச நேரத்தில் வலி தூரத்தில் இருப்பது போலாகிவிடும், மணியும் அடித்துவிடும். இரண்டு வருடம் இதை நல்ல முன்னேற்றம் என்றே நம்பினேன். ஒரு முகாமில் உதவி ஆசிரியரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மந்திரம் வருவதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது?"

அன்று மாலை அதை மட்டும் பார்த்தேன். முழங்காலின் உள்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சூடு. அதைச் சுற்றி ஓர் இறுக்கம். சூட்டுக்கு நடுவே ஊசி குத்துவது போல விட்டு விட்டு ஒன்று. பிறகு, இதுதான் எனக்குப் புதிது, வயிற்றில் ஒரு பிடிப்பு, "போதும், போதும்" என்று சொல்கிற பிடிப்பு. மந்திரம் வந்தது அந்த வயிற்றுப் பிடிப்பைக் கேட்டு. முழங்காலை நான் இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடப் பார்க்கவே இல்லை. அன்று மந்திரத்தைக் கூப்பிடாமல் அந்த நாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி போகவில்லை. ஆனால் சூடு இருந்த இடத்தில் இறுக்கம் வந்தது, இறுக்கம் இருந்த இடம் காலியானது, ஒரே கட்டியாக இருந்த 'வலி' என்ற பொருள் அங்கே இல்லை. அது மாறுகிறது என்று பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன், முழங்காலில் கண்டது அன்றுதான்.

சரவணபவ நல்ல மந்திரம், அதில் ஒரு குறையும் இல்லை. நான் அதை ஓடி ஒளியும் இடமாக வைத்திருந்தேன், கலப்பதில் உள்ள கெடுதல் எனக்குத் தெரிந்தவரை இதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில் நமக்குப் பிடிக்காத ஒன்றைக் காட்டும். வேறு முறை கைவசம் இருந்தால் சரியாக அந்த இடத்தில் கழன்றுகொள்வோம். உங்களுக்குத் தோள். அங்கே ஒன்றும் தெரியவில்லை, சலிப்பு வந்தது, கிளம்பிவிட்டீர்கள். ஒன்றும் தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் போல நின்று பார்த்துவிட்டுப் பிறகு நகருங்கள் என்றுதானே முகாமில் சொன்னார்கள்?

ஒரு சின்ன யோசனை. பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். எழுந்ததும் ஒரே வரி எழுதுங்கள்: தேதி, எத்தனை நிமிடம், எந்த இடத்தில் மாற்றத் தோன்றியது. அனுபவத்தை எழுத வேண்டாம், அதை எழுதினால் நாளைக்கு அதையே எதிர்பார்ப்போம். இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். எனக்கு இரண்டே சமயத்தில்தான் மாற்றத் தோன்றியது, வலிக்கும்போதும் ரொம்ப நன்றாக இருக்கும்போதும்.

பௌத்தத்தில் தியானத்துக்கு ஐந்து தடைகள் சொல்வார்கள்: ஆசை, வெறுப்பு, சோம்பல், அலைச்சல், ஐயம். ஐந்தாவதான ஐயம்தான் எல்லாவற்றையும்விடத் தந்திரமானது, ஏனென்றால் அது அறிவாளி போலப் பேசும். "இந்த முறை சரிதானா" என்று உட்கார்ந்திருக்கும்போது வந்தால் பதில் தேட வேண்டாம், ஐயம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். அந்தக் கேள்வியை எழுந்த பிறகு காபி குடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.


கிரீன்வேஸ்_நடையாளர்:

நான் வேறு பக்கம் நின்று ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல வருடமாக வசந்த விகாரத்துக்குப் போய் தத்துவ சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரைகளைக் கேட்டுவருகிறேன். தன்னைத் தலைவராக வைத்து அமைத்த சங்கத்தையே 1929இல் கலைத்தவர் அவர், எந்த முறையும் மனதை ஒரு பழக்கத்துக்குள் அடைத்துவிடும் என்று கடைசிவரை சொன்னவர். உங்கள் காலை அனுபவத்தில் எனக்குத் தெரிவது நாலு முறைகள் இல்லை, "எனக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்" என்கிற ஒரே வேகம்தான். ஒரே முறையைப் பிடித்துக்கொண்டால் அந்த வேகம் போய்விடுமா? இன்னும் கெட்டியாகப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளவும் கூடும். முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த வேகத்தைப் பாருங்கள், அலுவலகத்தில், சாப்பிடும்போது, கைபேசியை எடுக்கும்போது. அது அங்கேயும் இதே போலத்தான் தாவுகிறதா என்று பாருங்கள்.


மயிலை_வீணை:

தம்பி, நான் வீணை சொல்லிக்கொடுப்பவள், வயது 61. பதஞ்சலியின் யோக சூத்திரம் பாராயணமும் அர்த்தமும் ஒரு ஆசிரியையிடம் பல வருடம் கற்றேன். யோக ஆசிரியர் கிருஷ்ணமாசாரியார் வாழ்ந்து பாடம் சொன்ன ஊர் இது, அதனால் இந்த ஊரில் சூத்திரம் கற்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, அந்தக் கொடுப்பினை நமக்கு உண்டு.

உங்கள் கேள்விக்குப் பதஞ்சலி முதல் பாதத்திலேயே பதில் வைத்திருக்கிறார். 30ஆவது சூத்திரத்தில் சித்தத்தைக் கலைக்கிற ஒன்பது தடைகளை எண்ணுகிறார். முதலில் நோய், அப்புறம் மந்தம், மூன்றாவதாக ஐயம், இப்படிப் போய் எட்டாவது ஒரு நிலையை எட்ட முடியாமல் போவது, ஒன்பதாவது எட்டிய நிலையில் நிற்க முடியாமல் போவது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்த ஒன்பதாவதுதான் நினைவுக்கு வந்தது. நெற்றியில் துடிப்பு எட்டியது, நிற்கவில்லை. 32ஆவதில் மருந்து சொல்கிறார்: இவற்றைத் தடுக்க ஒரே தத்துவத்தில் பழகு. ஏக தத்துவ அப்யாசம், அவ்வளவுதான்.

சரி, எந்த ஒன்று என்று கேட்டீர்களே, அதற்குத்தான் வருகிறேன். அடுத்த சூத்திரங்களில் வரிசையாக வழிகளை அடுக்குகிறார். மூச்சை வெளியே விட்டு நிறுத்துவது, ஒரு புலனில் எழும் நுண்ணிய அனுபவம், உள்ளே இருக்கும் சோகமற்ற ஒளி, பற்று நீங்கிய ஒருவருடைய மனம், கனவிலும் உறக்கத்திலும் கிடைத்த அறிவு, கடைசியில் 39ஆவதாக "உனக்கு எது விருப்பமோ அதைத் தியானம் செய்து." 34 முதல் 39 வரை இந்த ஆறு சூத்திரங்களிலும் 'வா' என்று ஒரு சின்ன எழுத்து வருகிறது. வடமொழியில் 'வா' என்றால் 'அல்லது'. என் ஆசிரியை இந்த இடத்தில் எப்போதும் பாராயணத்தை நிறுத்திவிடுவார். "அல்லது என்றுதான் சொல்லியிருக்கிறார், உம் போட்டுச் சேர்க்கச் சொல்லவில்லை, கவனியுங்கள்" என்பார். மூச்சும் ஒளியும் கனவும் என்று இல்லை, மூச்சோ ஒளியோ கனவோ. பந்தி முழுக்கப் பரிமாறி வைத்திருக்கிறார், இலை மட்டும் ஒன்றுதான். எது உயர்ந்தது என்ற பேச்சே அங்கே இல்லாததால், மற்ற அமைப்புகளைத் தாழ்த்தாமலே நீங்கள் ஒன்றில் நிற்கலாம்.

பல வழிகளிலும் போனவர் என்று ராமகிருஷ்ண பரமஹம்சரைச் சொல்வார்கள், மயிலாப்பூர் மடத்துப் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். போனார், உண்மைதான். ஆனால் அவர் இஸ்லாமிய முறையில் சாதனை செய்த நாட்களில் காளி கோயில் பக்கமே போகவில்லை என்று அவருடைய வரலாற்றில் இருக்கிறது. அந்த அன்னையை விட்டு ஒரு நாழிகை பிரிய மாட்டாதவர் அவர். ஒன்றில் இருந்தபோது அதில் மட்டும் இருந்தார்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். வீணைக்கு வரும் குழந்தைகளுக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சி, மூன்று வேகத்திலும். மாதக்கணக்கில் இது மட்டும்தான். மூன்றாவது வாரம் விரல் நுனி சிவந்து கோடு விழும், தந்தியை அழுத்தி இழுக்கிற ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும். சரியாக அந்த வாரம்தான் அம்மாக்கள் ஃபோன் செய்து "பாட்டு வகுப்பில் சேர்த்துவிடலாமா" என்று கேட்பார்கள். வலிக்கும் வாரத்தைத் தாண்டிய குழந்தைக்கு அந்த இடம் காய்த்துவிடும், காய்த்த பிறகுதான் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, பேசும். இரண்டு மாதம் விட்டுவிட்டு வந்தால் காய்ப்பு மெலிந்து திரும்ப முதல் வாரத்திலிருந்து வலிக்கும். நீங்கள் இரண்டு வருடத்தில் ஐந்து தடவை முதல் வாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள், கண்ணா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் உழைப்பு குறையவே இல்லை.

எத்தனை நாள் என்றும் கேட்டீர்கள். நம் ஊரில் மருந்துக்கும் விரதத்துக்கும் ஒரு கணக்கு உண்டல்லவா, ஒரு மண்டலம், 48 நாள். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல நாள் பார்த்து, விளக்கேற்றி, "48 நாள் இதை மட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லித் தொடங்குங்கள். நடுவில் பிடிக்கிறதா இல்லையா என்று கேட்பதே இல்லை. 49ஆவது நாள் நோட்டை எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். அப்போது மாற்றினால் அது யோசித்து எடுத்த முடிவு. பாயில் உட்கார்ந்தபடி மாற்றுவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

எந்த முறை என்பதில் ஒரு குறிப்பு மட்டும். எதில் அனுபவம் அதிகம் வந்தது என்று பார்க்க வேண்டாம். எதை ஜுரத்திலும் தூக்கக் கலக்கத்திலும்கூட உங்களால் செய்ய முடியும், எதற்குச் சந்தேகம் கேட்க அருகில் ஒரு ஆசிரியர் இருக்கிறார், இந்த இரண்டையும் பாருங்கள். என் பாட்டி ஸ்ரீராமஜெயம் எழுதுவாள், பழைய டைரிகளில், கடைசி மாதம் கை நடுங்கி எழுத்துக் கோணினாலும் எழுதினாள். வேறு ஒரு சாதனையும் அவளுக்குத் தெரியாது. போகும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசுவோம்.


அருணை_பௌர்ணமி:

ரமணர் பெயர் வந்ததால் இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் வருகிறவன். நீங்கள் படித்த அந்தச் சிறு நூலிலேயே உங்களுக்கான இடம் இருக்கிறது, யானை உவமை. ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்துவிட்டால் யானை வேறு எதையும் பற்றாமல் அதையே பிடித்துக்கொண்டு போகும், அதுபோல மனத்தை ஒரு நாமத்திலோ ரூபத்திலோ பழக்கினால் அதையே பற்றிக்கொண்டிருக்கும் என்கிறார். கோயில் தெருவில் யானை போகும்போது கவனித்திருப்பீர்கள், துதிக்கை பூக்கடை, வாழைப்பழக் கடை என்று இரண்டு பக்கமும் தடவிக்கொண்டேதான் போகும்.

இன்னொன்று. மூச்சை அடக்குவதும் மூர்த்தி தியானமும் மந்திர ஜபமும் மனத்தை அடக்க உதவும் துணைகள் என்று அவரே சொல்கிறார், தள்ளிவிடவில்லை. ஆனால் 'நான் யார்' என்பதைத் துடிப்பு வந்ததும் மேலே தூவுகிற கறிவேப்பிலை மாதிரி பயன்படுத்தினால் அது ஆன்ம விசாரமாகாது. எண்ணம் எழுந்ததும் இது யாருக்கு என்று திரும்புவது நாள் முழுக்க நடக்க வேண்டிய வேலை, அதுவே முழுமையான ஒரு சாதனை. அதைச் செய்வதென்றால் அதையே செய்யுங்கள், இல்லையென்றால் இப்போதைக்கு வைத்துவிடுங்கள், அது எங்கும் போய்விடாது.


செவிலி_அயனாவரம்:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும். ஒரு முறையில் பிடிவாதமாக நிற்பது சலிப்புக்கும் கால் வலிக்கும் சரி. தொடர்ந்து தூக்கம் வராமல் போவது, நெஞ்சு படபடப்பு நாள் முழுக்க நிற்காமல் இருப்பது, பழைய கொடுமையான நினைவுகள் வெள்ளம் போல வருவது, நாம் நாமாக இல்லை என்பது போல் பயம், இவை வந்தால் 48 நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. உட்கார்வதை நிறுத்திவிட்டு ஆசிரியரிடமும் மனநல மருத்துவரிடமும் பேசுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் இலவசம், தமிழிலும் பேசலாம். ஏற்கெனவே மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் தியானத்தை நம்பி அதைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம். என் பணியில் அப்படி நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.


வேளச்சேரி_விடியல்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வீணை அம்மா, "ஐந்து தடவை முதல் வாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்" என்ற வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செவிலி அக்கா, அப்படி எதுவும் எனக்கு இல்லை, இருந்தால் கட்டாயம் நிறுத்துவேன்.

விபாசனாவையே எடுத்துக்கொள்கிறேன். காரணம், சந்தேகம் கேட்கத் திருமுடிவாக்கம் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன், செயலியை எடுத்துவிட்டேன்.

தாம்பரம் சார், இரண்டு சந்தேகம். அலுவலகத்தில் கூட்டத்துக்கு முன் பதற்றம் வரும்போது மனதுக்குள் கந்த சஷ்டி கவசத்தில் இரண்டு வரி ஓடும், அதுவும் கலப்பா? அம்மாவோடு வெள்ளிக்கிழமை மன்றத்தில் கூட்டுத் தவத்துக்கு உட்கார்வது பல நாள் பழக்கம், நிறுத்தினால் அவர் வருத்தப்படுவார், அதற்கு என்ன செய்வது?


தாம்பரம்_பழைய_மாணவர்:

கவசம் சொல்வது பக்தி, தாராளமாகச் சொல்லுங்கள், நானும் கோயிலுக்குப் போய் சரவணபவ சொல்கிறேன். பாயில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டாம், அவ்வளவுதான். பதற்றம் வரும்போது முடிந்தால் இரண்டு மூச்சைப் பார்த்துவிட்டு அப்புறம் கவசம் சொல்லுங்கள், அந்த இரண்டு மூச்சு போதும்.

அம்மா விஷயத்தில் நீங்களே மையத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், நான் சட்டம் சொல்ல முடியாது. நான் செய்திருந்தால் அம்மாவிடம் நேராகப் போய் 48 நாளுக்கு அனுமதி கேட்டிருப்பேன், அவர்களை வண்டியில் மன்றத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்திருப்பேன். மனவளக்கலையிலும் ஆக்கினை, சாந்தி, துரியம் என்று ஆசிரியர் ஒவ்வொரு படியாகத்தானே தருகிறார், அம்மாவுக்கு ஒழுங்கின் அருமை நன்றாகத் தெரிந்திருக்கும்.

முடிந்தால் வாரம் ஒரு தடவை பழைய மாணவர்கள் சேர்ந்து உட்காரும் இடத்துக்குப் போங்கள். பக்கத்தில் நாலு பேர் அசையாமல் இருக்கும்போது எழுந்து போகத் தோன்றாது.


வேளச்சேரி_விடியல்:

19ஆவது நாள். நேற்றுத் தோளில் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை, நகர்ந்தேன். இன்று காலையும் நின்றேன், இடது தோளில் சட்டைத் துணி படுகிற இடத்தில் மட்டும் ஒரு தொடுகை, வேறொன்றும் இல்லை. இரண்டு வருடமாகச் சட்டை அங்கேதான் பட்டுக்கொண்டிருக்கிறது.

நோட்டில் 19 வரிகளில் 11 இடத்தில் "நன்றாக இருந்தது, மாற்றத் தோன்றியது" என்று இருக்கிறது. வலித்தபோது மாற்றத் தோன்றியது 3 தடவைதான். எனக்கு நேர்மாறாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை, "நானும் முதலில் ஆக்கினையில் மூன்று மாதம் நின்றேன்" என்றார், எனக்கு இது இவ்வளவு நாள் தெரியாது.

ஒரு சின்னச் சிக்கல். இந்த வியாழன் இரவு ஊரில் திருவிழாவுக்குப் போகிறோம், கிளாம்பாக்கத்தில் பேருந்து, விடியும்போது திருச்சி தாண்டியிருப்போம். அன்று காலை விட்டுப்போனால் மண்டலம் முறிந்துவிடுமா வீணை அம்மா?


மயிலை_வீணை:

எதற்கு விட வேண்டும்? இருக்கையில் உட்கார்ந்தபடியே செய்யுங்கள் தம்பி. செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை இருக்கையில் சாய்க்காமல், கையை மடியில் வைத்து. பேருந்து குலுங்கும், பாட்டு போடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் தூக்கத்தில் தோளில் சாய்வார். கைபேசியில் 5 மணிக்கு அதிர்வு மட்டும் வையுங்கள், மற்றவர்கள் தூக்கம் கெட வேண்டாம். நோட்டையும் பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.